இரண்டு முக்கோணம், ஒரு சதுரம்: ஒட்டுத்துணிப் போர்வையின் வரலாறு



நம் வீடுகளில் கட்டிலுக்கு அடியிலோ, பழைய தகரப் பெட்டியிலோ ஒரு துணி மூட்டை இருக்கும். சட்டை தைத்து மிஞ்சிய துண்டு, கிழிந்துபோன பாவாடையில் கிழியாத பகுதி, தீபாவளிக்கு எடுத்த சீட்டியில் மீந்த ஒரு சாண் என்று பலவும் அதற்குள் கிடக்கும். எறிய மனம் வராது. எதற்குப் பயன்படும் என்பதும் தெரியாது. அந்த மூட்டைக்குள் ஒரு வரலாறு இருக்கிறது என்று சொன்னால் நம்புவீர்களா? இன்றைய உரையில் அந்த வரலாற்றையே நாம் பார்க்கப் போகிறோம்.

வெளிறிய நிறத்தில் ஒரு முக்கோணம், அழுத்தமான நிறத்தில் ஒரு முக்கோணம். இரண்டையும் சாய்ந்த பக்கத்தில் சேர்த்துத் தைத்தால் ஒரு சதுரம் கிடைக்கிறது. உலகெங்கும் ஒட்டுத்துணிப் போர்வை தைக்கும் பெண்கள் அதிகமாகப் பயன்படுத்தும் துண்டுகளுள் ஒன்று இந்தச் சதுரம். ஆங்கிலத்தில் இத்தகைய போர்வையைக் குவில்ட் என்பார்கள். மேலே ஒட்டுத்துணி, நடுவே பஞ்சு, கீழே ஒரு முழுத்துணி ஆகிய மூன்றையும் ஊடுருவிச் செல்லும் தையல்தான் குவில்ட்டின் இலக்கணம்.

பார்வைக்கு எளிய வேலைதான். ஆனால் தைத்துப் பார்த்தால் தெரியும். இந்த உரையை எழுதுமுன் நாங்களே எட்டுச் சதுரங்களைத் தைத்து ஒரு வரிசையாகச் சேர்த்தோம். இருபத்து நான்கு அங்குலம் இருக்க வேண்டிய வரிசை இருபத்து மூன்று அங்குலம்கூட வரவில்லை. கூடவேண்டிய முனைகள் கூடாமல் ஒன்றையொன்று தாண்டி நின்றன. எங்கே பிழை நேர்ந்தது? அதையும் இவ்வுரையில் பார்ப்போம். முதலில் இந்தக் கலை வந்த வழியைத் தெரிந்துகொள்வோம்.

சோழமண்டலக் கரையிலிருந்து

கதை நம் முன்னோர் வாழ்ந்த கடற்கரையில் தொடங்குகிறது. பதினேழாம் நூற்றாண்டில் சோழமண்டலக் கரையிலும் இந்தியாவின் பிற பகுதிகளிலும் பருத்தித் துணியின்மேல் பூவும் கொடியும் வரைந்து, துவைத்தாலும் போகாத சாயம் ஏற்றும் கலை ஓங்கியிருந்தது. ஐரோப்பியக் கம்பெனிகளின் கப்பல்கள் அத்துணிகளை வாங்கிச் சென்றன. சீட்டி என்று நாம் சொல்லும் அதே துணியைத்தான் ஆங்கிலேயர் சின்ட்ஸ் என்றார்கள். அவர்கள் நாட்டுக் கம்பளித் துணி கனமானது, துவைத்தால் சுருங்குவது. நம் பருத்தியோ இலேசானது. எத்தனை முறை துவைத்தாலும் நிறம் குன்றாதது. இங்கிலாந்தில் சீமாட்டி முதல் வேலைக்காரப் பெண் வரை எல்லாரும் அதை விரும்பினார்கள்.

அந்நாட்டுக் கம்பளி நெசவாளரும் பட்டு நெசவாளரும் தங்கள் பிழைப்புப் போகிறதே என்று கொதித்தெழுந்தனர். அதன் விளைவாக, அச்சிட்ட இந்தியப் பருத்தித் துணியை உள்நாட்டு உபயோகத்துக்கு இறக்குமதி செய்வதற்கு 1701-ஆம் ஆண்டு முதல் தடை வந்தது. 1721-ஆம் ஆண்டில் வந்த சட்டம், அச்சிட்ட பருத்தித் துணிகளில் பெரும்பாலானவற்றை உடுப்பதையும் வீட்டில் பயன்படுத்துவதையுமே தடுத்தது. 1774-ஆம் ஆண்டில்தான் அந்தத் தடை நீங்கியது.

கிடைத்தற்கரிய துணியின் ஒவ்வொரு துண்டும் விலைமதிப்புடையது ஆகிவிடும் அல்லவா? இங்கிலாந்தின் வடபகுதியில் லெவன்ஸ் ஹால் என்ற மாளிகையில் 1708-ஆம் ஆண்டு அளவில் தைக்கப்பட்டதாகக் கருதப்படும் போர்வை ஒன்று இருக்கிறது. இங்கிலாந்தில் எஞ்சியுள்ள மிகப் பழைய ஒட்டுத்துணி வேலைகளுள் அதுவும் ஒன்று. அதில் உள்ள துண்டுகள் இந்தியச் சீட்டித் துண்டுகள். எங்கோ நம் நாட்டுக் கரையில் ஒரு கைவினைஞன் தீட்டிய பூ, கடல் கடந்து, கத்தரிக்கப்பட்டு, இன்னொரு பெண்ணின் கைத்தையலில் முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக உயிரோடிருக்கிறது.

அதே காலத்தைச் சேர்ந்த இன்னொரு போர்வையில் 1718 என்ற ஆண்டையே துணியில் தைத்து வைத்திருக்கிறார்கள். இது பட்டுத் துண்டுகளால் ஆனது. இதில் முக்கோணங்கள் பல உண்டு. இதைத் தைத்தவர்கள் அளவு தவறாமல் இருக்க ஒரு வழி கண்டார்கள். ஒவ்வொரு துண்டுக்கும் காகிதத்தில் ஓர் அச்சு வெட்டி, துணியை அந்தக் காகிதத்தின்மேல் மடித்துத் தற்காலிகமாகத் தைத்து, பிறகு மடிப்பு விளிம்புகளை ஒன்றோடொன்று சேர்த்துத் தைத்தார்கள். காகிதம் இழுபடாது, ஆகவே துணியும் இழுபடவில்லை. அளவு சரியாக அமைந்தது. ஆனால் ஒரு சிறு துண்டுக்கே பல நிமிடங்கள் ஆகும். ஓய்வுள்ள வீட்டுப் பெண்களுக்கு அது பொருந்தும். உழைத்துக் களைத்த பெண்களுக்கு வேறு வழி வேண்டியிருந்தது.

பருத்தியும் அடிமையும்

இனி அமெரிக்காவுக்குச் செல்வோம். 1793-ஆம் ஆண்டில் எலி விட்னி என்பவர் பஞ்சிலிருந்து கொட்டையை விரைவாகப் பிரிக்கும் பொறியை அமைத்தார். பொறி வந்தால் மனித வேலை குறையும் என்று நாம் எண்ணுவோம். நடந்ததோ வேறு. கொட்டை பிரிப்பது எளிதானதும் பருத்தி பயிரிடுவது பெருலாபம் தரும் தொழிலாயிற்று. தென் மாநிலங்களில் பருத்தித் தோட்டங்கள் பெருகின. அவற்றில் உழைக்க ஆப்பிரிக்க வழிவந்த அடிமைகளின் தொகையும் பெருகியது. 1860-ஆம் ஆண்டில் அந்நாட்டில் ஏறத்தாழ நாற்பது இலட்சம் மக்கள் அடிமைகளாக இருந்தனர்.

அவர்கள் பறித்த பஞ்சு இங்கிலாந்தின் ஆலைகளுக்கும் அமெரிக்காவின் வடமாநில ஆலைகளுக்கும் சென்று மலிவான சீட்டித் துணியாக மாறியது. அந்த மலிவுத் துணிதான் சாதாரணக் குடும்பத்துப் பெண்களின் கைக்கு ஒட்டுத்துணிக் கலையைக் கொண்டுவந்தது. இந்த உண்மையை நாம் மறைக்கக் கூடாது. அழகிய போர்வைகளின் பின்னால் தோட்டத்து உழைப்பாளியின் வியர்வை இருக்கிறது. தோட்டத்தில் பிறந்து வளர்ந்த நமக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. நாம் வெட்டிய மரத்துப் பால் எந்த நாட்டு வண்டிச் சக்கரத்தில் உருண்டது என்பதை நம் பாட்டன்மார் கண்டதில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்கப் பெண்கள் ஒரு புதிய முறையைக் கையாண்டார்கள். பெரிய போர்வையை ஒரே வேலையாக எடுத்துக்கொள்ளாமல், சிறு சிறு சதுரக் கட்டங்களாகத் தைத்து, கடைசியில் கட்டங்களை இணைத்தார்கள். சிறிய வீட்டில் மடியில் வைத்தே ஒரு கட்டத்தைத் தைத்து முடிக்கலாம். சோறு வேகும் நேரத்தில் ஒன்று, பிள்ளை தூங்கும் நேரத்தில் ஒன்று என்று தைத்துச் சேர்க்கலாம். பல பெண்கள் பங்கிட்டுக்கொண்டும் தைக்கலாம்.

இந்தக் கட்டங்களில்தான் நம் இரு முக்கோணச் சதுரம் அரசாண்டது. அதைத் திருப்பித் திருப்பி வைத்தால் புதுப்புது வடிவங்கள் பிறக்கும். நான்கு சதுரங்களைச் சுழல்வதுபோல் வைத்தால் காற்றாடி. அந்த நான்கையே வேறு விதமாகத் திருப்பினால் ‘உடைந்த தட்டுகள்’ என்ற வடிவம். ஓரங்களில் வரிசையாக வைத்தால் ரம்பத்தின் பல். பெரிய சதுரத்தைச் சுற்றி வைத்தால் ‘கரடிப் பாதம்’. இன்னொரு வடிவத்துக்குக் ‘கான்சாஸ் கலவரம்’ என்று பெயர். கான்சாஸ் பகுதியில் அடிமை முறை இருக்கலாமா கூடாதா என்று 1854-ஆம் ஆண்டுச் சட்டத்தை அடுத்து இரத்தம் சிந்தப்பட்டதல்லவா, அதன் நினைவு அந்தப் பெயரில் நிற்கிறது. வாக்குரிமை இல்லாத பெண்கள் நாட்டு நடப்பைத் தம் ஊசி முனையில் பதிந்து வைத்தார்கள்.

ஒரு தொட்டில் போர்வையும் ஒரு கட்டுக்கதையும்

1836-ஆம் ஆண்டு டிசம்பரில் பாஸ்டன் நகரத்தில் அடிமை ஒழிப்பு இயக்கப் பெண்கள் நிதி திரட்ட ஒரு சந்தை நடத்தினார்கள். அந்தச் சந்தைக்காகத் தைக்கப்பட்ட சிறிய தொட்டில் போர்வை ஒன்று இன்றும் பாதுகாக்கப்பட்டு வருகிறது. சின்னச் சின்ன நட்சத்திரங்கள் நிறைந்த போர்வை அது. ஒவ்வொரு நட்சத்திரத்தின் முனையும் முக்கோணத் துண்டுகளால் ஆனது. நடுவில் உள்ள நட்சத்திரத்தில் மையால் சில அடிகள் எழுதப்பட்டுள்ளன. உன் குழந்தையை மார்போடு அணைக்கும் போது, தன் குழந்தையைப் பறிகொடுக்கும் அடிமைத் தாயை எண்ணிப் பார் என்பது அதன் கருத்து. தொட்டிலில் போர்த்தும் துணியிலேயே இந்தக் கேள்வியை வைத்தார்கள். படித்த தாய்க்கு அன்றிரவு தூக்கம் வந்திருக்குமா?

இது கண்ணால் காணக்கூடிய சான்று. இதற்கு மாறாக இன்னொரு கதையும் உலவுகிறது. அடிமைகள் தப்பி ஓடும்போது வழி காட்டுவதற்காகக் குறிப்பிட்ட வடிவப் போர்வைகளை வேலியில் தொங்கவிட்டார்கள் என்றும், ‘கரடிப் பாதம்’ என்றால் காட்டு வழி போ என்று பொருள் என்றும் சொல்வார்கள். 1999-ஆம் ஆண்டில் வெளிவந்த ஒரு புத்தகத்தால் இந்தக் கதை பெரிதும் பரவியது. கேட்கும்போது மெய்சிலிர்க்கிறது. ஆனால் வரலாற்று ஆராய்ச்சியாளர் பலர் இதை ஏற்கவில்லை. தப்பி வந்தவர்கள் தாமே சொல்லியும் எழுதியும் வைத்த வரலாறுகள் நிறைய உண்டு. அவற்றில் இப்படியொரு போர்வைச் சங்கேதம் காணப்படவில்லை.

கதை அழகாக இருக்கிறதே, இருந்துவிட்டுப் போகட்டுமே என்று சிலர் கேட்கலாம். நேயர்களே, அங்கேதான் நாம் கவனமாக இருக்க வேண்டும். அடிமைகள் உயிரைப் பணயம் வைத்துத் தப்பியது உண்மை. அவர்களுக்கு இடம் கொடுத்தவர்கள் இருந்தது உண்மை. அந்த உண்மையோடு அளவு தவறிய ஒரு துண்டைச் சேர்த்துத் தைத்தால், நாளை ஒருவன் அந்தத் தையலைப் பிரித்துக் காட்டி, முழுப் போர்வையும் பொய் என்பான். நம் தோட்டத்து வரலாற்றை நம் பிள்ளைகளுக்குச் சொல்லும்போதும் இதை நினைவில் வைப்போம். பட்ட துன்பம் பெரிது. அதைக் கூட்டிச் சொல்ல வேண்டியதில்லை.

பொறி வந்தது, பிழையும் வந்தது

1846-ஆம் ஆண்டில் எலியாஸ் ஹௌ தையல் பொறிக்குக் காப்புரிமை பெற்றார். 1851-ஆம் ஆண்டில் ஐசக் சிங்கர் தம் பொறிக்குப் பெற்றார். 1856-ஆம் ஆண்டில் சிங்கர் நிறுவனம் தவணை முறையில் விற்கத் தொடங்கியது. மாதாமாதம் சிறு தொகை கட்டித் தையல் பொறி வாங்கும் வழக்கம் அங்கிருந்துதான் வளர்ந்தது. நம் லயத்து வீடுகளிலும் சிங்கர் மிஷின் சத்தம் கேட்டு வளர்ந்தவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள்.

பொறி வேகத்தைத் தந்தது. ஆனால் வேகமாகத் தைப்பவருக்குப் பிழையும் வேகமாகவே வரும். இப்போது எங்கள் எட்டுச் சதுரக் கதைக்கு வருவோம்.

போர்வைத் தையலில் ஒவ்வொரு துண்டின் ஓரத்திலும் கால் அங்குலத்தைத் தையலுக்கு விடுவது வழக்கம். நாங்கள் கால் அங்குலத்துக்கு மேல் ஒரு வீசம், அதாவது 1/16 அங்குலம், கூடுதலாக உள்வாங்கித் தைத்துவிட்டோம். ஒரு வீசம்தானே என்று தோன்றும். கணக்குப் பார்ப்போம். ஒரு தையலில் இரு பக்கத் துணியும் ஒரு வீசம் குறைகிறது. ஆக ஓர் இணைப்புக்கு அரைக்கால் அங்குலம், அதாவது 1/8 அங்குலம், போகிறது. எட்டுச் சதுரங்களை இணைக்க ஏழு தையல். ஏழு அரைக்கால் சேர்ந்தால் முக்காலே அரைக்கால் அங்குலம். இதுபோக ஒவ்வொரு சதுரத்துக்குள்ளும் ஒரு சாய்வுத் தையல் உண்டே, அதிலும் குறைகிறது. மொத்தத்தில் ஓர் அங்குலத்துக்கு மேல் காணாமல் போய்விட்டது. கள்ளக் கணக்கு எழுதுபவன் ஒரே நாளில் மூட்டையைத் தூக்குவதில்லை. வீசம் வீசமாகத்தான் எடுக்கிறான். எடை போடும் இடத்தில் நின்று பழகியவர்களுக்கு இது புரியும்.

முக்கோணத்தில் இன்னும் இரண்டு சிக்கல்கள் உண்டு.

ஒன்று, துணியின் இழை. பாவு இழையும் ஊடை இழையும் நேரே ஓடுகின்றன. அந்த வழியாகத் துணியை இழுத்தால் அதிகம் நீளாது. மூலைக்கு மூலை, சாய்வாக இழுத்துப் பாருங்கள், ரப்பர்போல நீளும். தையற்காரர்கள் இதைக் கிராஸ் என்பார்கள். சதுரத்தை மூலைக்கு மூலை வெட்டினால் முக்கோணத்தின் நீண்ட பக்கம் முழுவதும் கிராஸாகிவிடுகிறது. கை பட்டாலே நீள்கிறது. தைத்தால் அலை அலையாக நெளிகிறது.

இரண்டாவது, வெட்டும் அளவு. தைத்து முடித்தபின் மூன்று அங்குலச் சதுரம் வேண்டுமானால், வெறும் சதுரத் துண்டை மூன்றரை அங்குலமாக வெட்டினால் போதும். இரு பக்கமும் கால் கால் விட்டால் சரி. முக்கோணத்துக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது. அதன் கூர்முனையில் சாய்வுத் தையல் அதிகத் துணியை விழுங்கிவிடும். ஆகவே மூன்று அங்குலத்தோடு முக்காலே அரைக்கால், அதாவது 7/8 அங்குலம், சேர்த்து 3 7/8 அங்குலச் சதுரம் வெட்டி, அதை மூலைக்கு மூலை இரண்டாக்க வேண்டும். இந்த 7/8 கணக்கு தெரியாமல் மனம் நொந்து ஊசியைத் தூக்கி எறிந்தவர்கள் எத்தனை பேரோ!

இந்த இரு சிக்கலுக்கும் ஒரே மருந்தாக ஒரு முறை உண்டு. முதலில் தைத்துவிட்டுப் பிறகு வெட்டுவது. 1970-களில் அமெரிக்காவில் பார்பரா ஜொஹன்னா என்ற பெண்மணி போன்றோர் இத்தகைய விரைவு முறைகளைப் புத்தகம் எழுதிப் பரப்பினார்கள். காகிதமும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள்; செய்முறையைச் சொல்கிறோம்.

முதலில், துணியைத் துவைத்துக் காயவைத்து இஸ்திரி போட்டுக்கொள்ளுங்கள். வெளிறிய துணியில் ஒன்று, அழுத்தமான நிறத்தில் ஒன்று என நான்கு அங்குலச் சதுரங்கள் இரண்டு வெட்டுங்கள். 7/8 கணக்கு வேண்டாம். முழு ஓர் அங்குலம் கூடுதலாக விடுவது பாதுகாப்பு.

இரண்டாவதாக, இரண்டின் நல்ல பக்கங்களும் ஒன்றையொன்று பார்க்குமாறு அடுக்கி, மேல் துணியின் பின்பக்கத்தில் மூலைக்கு மூலை பென்சிலால் ஒரு கோடு போடுங்கள்.

மூன்றாவதாக, அந்தக் கோட்டின்மேல் தைக்காமல், கோட்டுக்கு இந்தப் பக்கம் கால் அங்குலத்தில் ஒரு தையல், அந்தப் பக்கம் கால் அங்குலத்தில் ஒரு தையல் போடுங்கள். மிஷினில் ஊசியிலிருந்து கால் அங்குலம் அளந்து, தகட்டின்மேல் ஒட்டுத்தாள் ஒட்டிவைத்தால் அடுத்து வரும் நேர்த் தையல்களுக்கெல்லாம் அதுவே வழிகாட்டும். கால் அங்குலத்துக்கு ஒரு நூல் அளவு குறைவாகத் தைப்பது நல்லது. துணி மடியும் இடத்தில் அந்த நூலளவு போய்விடும்.

நான்காவதாக, பென்சில் கோட்டின்மேல் கத்தரியுங்கள். இரண்டு சதுரங்கள் கிடைக்கும். சாய்வு ஓரம் வெளியே தெரிவதற்குள் தையல் விழுந்துவிட்டதால், அது நீள வழியே இல்லை.

ஐந்தாவதாக, மடிப்பை அழுத்தமான நிறத்தின் பக்கம் சாய்த்து இஸ்திரிப் பெட்டியை மேலே வைத்து எடுங்கள். வைத்து எடுக்க வேண்டுமே தவிர, இழுத்துத் தேய்க்கக் கூடாது. தேய்த்தால் கிராஸ் நீண்டு சதுரம் கோணலாகும்.

ஆறாவதாக, கெட்டி அட்டையில் மூன்றரை அங்குலச் சதுரம் வெட்டி, அதில் மூலைக்கு மூலை ஒரு கோடு வரைந்துகொள்ளுங்கள். அட்டையின் கோடு சதுரத்தின் தையல்மேல் பொருந்துமாறு வைத்து, நான்கு பக்கமும் மிகையைக் கத்தரியுங்கள். முனைகளில் நாய்க்காதுபோல் நீட்டிக்கொண்டிருக்கும் துணியும் போய்விடும். இப்படி அளவெடுத்து வெட்டிய சதுரங்களைச் சேர்த்தால் முனையோடு முனை கூடும்.

வட்டக் கத்தி இருந்தால் வேலை இன்னும் எளிது. சக்கரம்போல் உருண்டு வெட்டும் அந்தக் கத்தியை 1979-ஆம் ஆண்டில் ஜப்பானின் ஓல்ஃபா நிறுவனம் வெளியிட்டது. இல்லாவிட்டாலும் குறைவில்லை. நல்ல கத்தரிக்கோலும் ஓர் அட்டையும் போதும். முதல் சதுரத்தை அளந்து பார்க்காமல் நாற்பது சதுரம் தைத்துவிடாதீர்கள் என்பதுதான் எங்கள் அனுபவம் கற்பித்த பாடம்.

ஜீஸ் பெண்டு மக்கள்

இனி நம் இதயத்துக்கு நெருக்கமான பகுதிக்கு வருவோம். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஆறு ஒன்று வளைந்து ஓடும் இடத்தில் ஜீஸ் பெண்டு என்ற ஊர் இருக்கிறது. 1816-ஆம் ஆண்டில் ஜோசப் ஜீ என்பவர் அங்கே பருத்தித் தோட்டம் போட்டார். பின்னர் 1845-ஆம் ஆண்டில் அது பெட்வே என்ற முதலாளியின் கைக்குப் போனது. இன்றும் அவ்வூர் மக்களில் பலருக்குக் குடும்பப் பெயர் பெட்வே. தங்களை அடிமையாக வைத்திருந்தவனின் பெயரையே சுமக்கிறார்கள்.

1865-ஆம் ஆண்டில் அடிமை முறை ஒழிந்தது. ஆனால் நிலம் அவர்களுடையது ஆகவில்லை. குத்தகைக்கு உழுது, விதைக்கும் உணவுக்கும் கடன் வாங்கி, அறுவடையில் கடனை அடைத்து வாழ்ந்தார்கள். 1932-ஆம் ஆண்டில் கடன் கொடுத்துவந்த வணிகர் இறந்துபோக, அவர் குடும்பத்தார் கடனுக்காக எல்லாவற்றையும் வாரிச் சென்றார்கள். மாடு, கோவேறு கழுதை, கலப்பை, சேர்த்து வைத்த தானியம் எதையும் விடவில்லை. அந்தக் குளிர்காலத்தில் ஊரே பட்டினியின் விளிம்பில் நின்றது. செஞ்சிலுவைச் சங்கத்தின் உதவியால் உயிர் தப்பினார்கள்.

அத்தகைய வீடுகளில் போர்வை அலங்காரப் பொருளன்று. பலகைச் சுவரின் சந்துகளில் குளிர்காற்று நுழையும் வீட்டில், பிள்ளைகள் விடியும்வரை உயிரோடிருப்பதற்கு அது வேண்டும். நைந்துபோன வேலைச் சட்டை, முழங்கால் தேய்ந்த காற்சட்டை, மாவுச் சாக்கு ஆகியவற்றை வெட்டித் தைத்தார்கள். அட்டையும் அளவுகோலும் இல்லாமல் கண்ணளவாகவே தைத்தவர்கள் பலர். துணி எவ்வளவு கிடைத்ததோ அதுவே அளவு.

1960-களில் கறுப்பின மக்கள் வாக்குரிமைக்காகப் போராடினார்கள். ஜீஸ் பெண்டு மக்களும் வாக்காளராகப் பதிய ஆற்றைக் கடந்து மாவட்டத் தலைநகருக்குப் போனார்கள். 1962-ஆம் ஆண்டில் படகுப் போக்குவரத்தே நிறுத்தப்பட்டது. பக்கத்தில் தெரியும் ஊருக்கு நெடுந்தூரம் சுற்றிப் போக வேண்டியதாயிற்று. அந்தப் படகு மீண்டும் ஓடியது 2006-ஆம் ஆண்டில்தான்.

1966-ஆம் ஆண்டில் அந்த வட்டாரத்துப் பெண்கள் ‘விடுதலைப் போர்வைக் கூட்டுறவு’ என்று பொருள்படும் பெயரில் ஒரு சங்கம் அமைத்தார்கள். ஃபிரான்சிஸ் வால்டர் என்ற பாதிரியார் அதற்குத் துணை நின்றார். எஸ்டெல் விதர்ஸ்பூன் என்ற அம்மையார் அதை நெடுங்காலம் வழிநடத்தினார். பெரிய நகரத்துக் கடைகளிலிருந்து அவர்களுக்கு ஆர்டர் வந்தது. 1972-ஆம் ஆண்டில் சியர்ஸ் நிறுவனத்துக்குத் தலையணை உறைகள் தைத்துக் கொடுக்க ஒப்பந்தம் செய்தார்கள். கடைக்காரர்கள் கேட்டது ஒன்றுதான்: எல்லாம் ஒரே அளவில் இருக்க வேண்டும், தையல் ஒரே சீராக இருக்க வேண்டும். கண்ணளவுக்குப் பழகிய கைகள் கால் அங்குலத்துக்குப் பழகின. வயலில் குனிந்து சம்பாதித்தவர்கள் தங்கள் கைத்தொழிலால் கூலி பெற்றார்கள். அந்தச் சங்கம் 2012-ஆம் ஆண்டு வரை நிலைத்திருந்தது.

இங்கே ஒரு விந்தை. 2002-ஆம் ஆண்டில் ஹூஸ்டன் நகரத்து அருங்காட்சியகத்திலும், அதைத் தொடர்ந்து நியூயார்க்கில் உள்ள விட்னி அருங்காட்சியகத்திலும் ஜீஸ் பெண்டுப் போர்வைகள் பெரிய ஓவியங்களைப்போல் சுவரில் மாட்டப்பட்டன. பார்த்தவர்கள் வியந்து பாராட்டியது, ஒரே அளவில் தைத்துக் கொடுத்த கடைச் சரக்கை அன்று. வீட்டுக்காகத் தைத்த, கோடு வளைந்த, பட்டை ஏறி இறங்கிய பழைய போர்வைகளைத்தான். 2006-ஆம் ஆண்டில் அமெரிக்க அஞ்சல் துறை அவற்றைப் பத்து அஞ்சல் தலைகளாகவும் வெளியிட்டது.

அப்படியானால் அளவு வேண்டாமா? இவ்வளவு நேரம் வீசத்துக்கும் அரைக்காலுக்கும் கணக்குச் சொன்னீர்களே என்று நீங்கள் கேட்பது எங்கள் காதில் விழுகிறது.

இரண்டும் வேண்டும் என்பதே எங்கள் கருத்து. அந்தப் பெண்கள் கோடு வளைத்தது தைக்கத் தெரியாததால் அன்று. எந்தத் துண்டு எங்கே பொருந்தும் என்று அவர்கள் கண் அளந்துகொண்டே இருந்தது. அவர்கள் போர்வைகள் கோணலாகத் தெரியலாம். ஆனால் பிரிந்து போகவில்லை. அதே பெண்கள் கடைக்காரன் அளவு கேட்டபோது அளவாகவும் தைத்துக் கொடுத்தார்கள். அளவு தெரிந்தவர் கைக்குத்தான் அளவை மீறவும் உரிமை உண்டு. தெரியாதவர் மீறினால் அதற்குப் பெயர் பிழை.

தாய்மார்களே, உங்கள் வீட்டுத் துணி மூட்டையை இந்த ஞாயிற்றுக்கிழமை திறந்து பாருங்கள். தாத்தாவின் கைலித் துண்டு இருக்கும். பெரியக்காளின் பள்ளிச் சீருடை இருக்கும். இன்று இல்லாத ஒருவரின் சட்டையும் இருக்கக்கூடும். மகளையும் மகனையும் பக்கத்தில் அமர்த்தி, இது யாருடைய துணி என்று சொல்லிக்கொண்டே நான்கு அங்குலச் சதுரங்களாக வெட்டுங்கள். கோடு போடும் வேலையைப் பிள்ளைகளிடம் கொடுங்கள். பின்னக் கணக்கை அவர்கள் பள்ளிப் புத்தகத்தைவிட இதில் எளிதாகக் கற்பார்கள். தோட்டத்தை விட்டுப் பட்டணத்துக்குக் குடிபெயர்ந்த குடும்பங்களுக்கும் இதையே சொல்கிறோம். வீடு மாறலாம், லயம் இடிபடலாம். ஒரு போர்வைக்குள் சேர்த்துத் தைத்துவிட்ட துண்டு அடுத்த தலைமுறையின் கைக்குப் போய்ச் சேரும்.

தைக்கும்போது கால் அங்குலம் தவறாமல் தையுங்கள். பிள்ளைகளுக்குச் சொல்லும்போது உண்மை தவறாமல் சொல்லுங்கள். இரண்டும் சரியாக இருந்தால் முனையோடு முனை கூடும்.